கூட்டணுமா, கழிக்கணுமா?

பதினோராம் வகுப்பில் சார்புத் திசைவேகம் பாடம், அதாவது ஒருவர் பார்க்கும்போது இன்னொன்று எந்த வேகத்தில் எந்தத் திசையில் நகர்கிறது என்ற பாடம், தொடங்கிவிட்டால் எனக்கு ஒரு கேள்வி நிச்சயம் வரும். "சார், இங்க கூட்டணுமா, கழிக்கணுமா?" நங்கநல்லூரில் வீட்டு மாடியில் ட்யூஷன் எடுக்கிறவன் நான். எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளையானாலும் சரி, தமிழ் மீடியமோ இங்கிலீஷ் மீடியமோ, நோட்டைப் புரட்டினால் ஒரு பெட்டிக்குள் இரண்டு வரி இருக்கும்: ஒரே திசை என்றால் கழி, எதிர்த் திசை என்றால் கூட்டு. இரண்டு ரயில்கள் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடுகிற வரைக்கும் அந்தப் பெட்டி மார்க் வாங்கித் தரும். மழை சாய்ந்து பெய்தாலோ படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே போனாலோ கைவிட்டுவிடும். ஒன்று கிழக்கே, ஒன்று வடக்கே என்றால் அது ஒரே திசையா, எதிர்த் திசையா? பெட்டியில் அதற்கு வரி இல்லை.

நான் சொல்லும் பதில், "கூட்டல்தான்பா. எப்பவுமே கூட்டல்தான். கழித்தல்னு ஒண்ணு இந்தப் பாடத்துலயே கிடையாது." பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். புத்தகத்தில் சூத்திரத்திலேயே கழித்தல் குறி இருக்கிறதே, இந்த ஆளை நம்பி மாதச் சம்பளம் கட்டுகிறோமே என்று தோன்றாமல் இருக்காது. அந்தச் சந்தேகத்துக்கு விரிவான விளக்கம்தான் இந்தப் பதிவு.

பிள்ளைகள் தடுக்கி விழுவது கணிதத்தில் இல்லை. பிதாகரஸ் தெரியும், முக்கோண விதி தெரியும், டேன் மதிப்புகூட மனப்பாடம். தடுக்குவது அதற்கு முந்தைய படியில். "படகின் வேகம் 3" என்று எழுதிவிடுகிறோம். யார் பார்க்கும்போது 3? தண்ணீரோடு சேர்ந்து மிதக்கிறவர் பார்த்தாலா, கரையில் நிற்கிறவர் பார்த்தாலா? திசைவேகம் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். நாம் ஒருவர் பெயரை மட்டும் எழுதி, மற்றவரை மனத்துக்குள் வைத்துக்கொள்கிறோம். மூன்றாவது வரியில் மனத்துக்குள் இருந்தவர் ஆள் மாறிவிடுகிறார்.

ஆகவே என் மாடியில் ஒரு கட்டாயம் உண்டு. திசைவேகத்தை அம்பாக வரைவோம்: நீளம் வேகத்தைக் காட்டும், தலை திசையைக் காட்டும். எந்த அம்பு வரைந்தாலும் அதன் மேல் இரண்டு பெயர் எழுத வேண்டும். முதல் பெயர் நகர்கிறவர், இரண்டாவது பெயர் பார்க்கிறவர். மழை–தரை என்றால் தரையில் நிற்கிறவர் பார்க்கும் மழையின் திசைவேகம். மழை–சைக்கிள் என்றால் சைக்கிளில் போகிறவர் பார்க்கும் அதே மழையின் திசைவேகம். இனி விதி. தமிழ் வகுப்பில் அந்தாதி படித்திருப்பீர்கள். ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். அம்புகளையும் அப்படித்தான் தொடுக்க வேண்டும்:

மழை–தரை + தரை–சைக்கிள் = மழை–சைக்கிள்

நடுவில் இருக்கும் தரை மறைந்து, இரண்டு ஓரங்கள் மட்டும் மிஞ்சும். சொல் தொடுக்கவில்லை என்றால் அந்த இரண்டு அம்புகளைக் கூட்டவே கூடாது. காகிதத்திலும் இதே ஒழுங்குதான்: முதல் அம்பின் தலையில் இரண்டாவது அம்பின் வாலை வைத்து, முதல் வாலிலிருந்து கடைசித் தலைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான் முக்கோண விதி.

ஆனால் கணக்கில் நமக்குக் கொடுத்திருப்பது சைக்கிள்–தரை, தேவைப்படுவது தரை–சைக்கிள். பெயர்களை இடம் மாற்றினால் அம்பு திரும்பிக்கொள்ளும், நீளம் மாறாது. நான் மேற்கே போனால் தரை எனக்குக் கிழக்கே போகிறது. புத்தகத்துக் கழித்தல் குறி இந்தத் திருப்பம்தான். திருப்பிவிட்டுக் கூட்டுவதைக் கழித்தல் என்று சுருக்கி எழுதியிருக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சுருக்கத்தை முதலில் சொல்லிக்கொடுத்தால் எதைச் சுருக்கினோம் என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

இதற்கு நல்ல உரைகல் என்சிஇஆர்டியின் பழைய பதினோராம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. மழைக்கு இரண்டு கணக்கு. ஒன்றில், மழை விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக விழுகிறது. பிறகு காற்று விநாடிக்கு 12 மீட்டரில் கிழக்கிலிருந்து மேற்காக அடிக்கத் தொடங்குகிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பையன் குடையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும்? இன்னொன்றில் அதே 35, காற்று இல்லை, ஒரு பெண் விநாடிக்கு 12 மீட்டரில் கிழக்கிலிருந்து மேற்காக சைக்கிள் ஓட்டுகிறார், அவர் குடையை? இரண்டுக்கும் செங்குத்திலிருந்து சுமார் 19 டிகிரி. இரண்டிலும் அதே எண்கள், அதே "கிழக்கிலிருந்து மேற்காக". ஆனால் பையன் கிழக்கே சாய்க்க வேண்டும், பெண் மேற்கே சாய்க்க வேண்டும். கோணத்தைச் சரியாகப் போட்டுவிட்டுத் திசையைத் தலைகீழாக எழுதுகிறவர்கள் இங்கேதான் மொத்தமாகச் சிக்குவார்கள்.

அந்தாதி போட்டுப் பாருங்கள். பையனுக்கு: மழை–காற்று + காற்று–தரை = மழை–தரை. காற்றோடு மிதக்கிறவருக்கு மழை நேர் கீழே 35. காற்று மேற்கே 12. கூட்டினால் மழை கீழேயும் மேற்கேயும் போகிறது, அதாவது கிழக்கிலிருந்து வருகிறது. குடை கிழக்கே. பெண்ணுக்கு: மழை–தரை + தரை–பெண் = மழை–பெண். மழை கீழே 35. தரை அவருக்குக் கிழக்கே 12. கூட்டினால் மழை கீழேயும் கிழக்கேயும் போகிறது, அவருக்கு எதிரிலிருந்து, மேற்கிலிருந்து வருகிறது. குடை முன்பக்கம். இரண்டு கணக்கிலும் கூட்டல்தான். ஒன்றில் நடு ஆள் காற்று, மற்றதில் நடு ஆள் தரை.

இந்த 35 பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. விநாடிக்கு 35 மீட்டர் என்றால் மணிக்கு 126 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எந்த மழைத்துளியும் விழுவதில்லை. காற்றின் தடை துளியின் எடைக்குச் சமமானதும் வேகம் ஏறுவது நின்றுவிடும். 1 மில்லிமீட்டர் துளி விநாடிக்குச் சுமார் 4 மீட்டர், 2 மில்லிமீட்டர் துளி ஆறரை, 5 மில்லிமீட்டர் துளி 9 மீட்டர். அதற்கு மேல் பெருத்தால் துளி உடைந்து சிதறிவிடும். பிறகு ஏன் 35? 12, 35, 37 பிதாகரஸ் மும்மை, அதாவது முதல் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதன் வர்க்கம். வர்க்கமூலம் முழு எண்ணாக வரும். அந்த வசதிக்காகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். கணக்கு சுத்தமாக வருகிறது, மழை பொய்யாகிறது.

நிஜ மழையைப் போட்டால் என்ன ஆகிறது பாருங்கள். துளி விநாடிக்கு 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பைக் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர். காற்றில்லாத மழையிலேயே செங்குத்திலிருந்து 55 டிகிரி சாய்வு. புத்தகத்து 35-ஐப் போட்டால் வெறும் 16 டிகிரிதான் வரும். மழையில் வண்டி ஓட்டியவர்களுக்கு எது உண்மை என்று தெரியும்: சட்டையின் முன்பக்கம் பிழிந்து எடுக்கலாம், முதுகில் பாதி காய்ந்திருக்கும்.

இன்னொரு படி மேலே போவோம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வரும் ஜிஎஸ்டி சாலையை வரைபடத்தில் பாருங்கள், கிட்டத்தட்ட வடகிழக்கு நோக்கித்தான் ஓடுகிறது. ஆகவே காலையில் வேலைக்குப் போகிறவர் காற்றுக்கு நேர் எதிரே போகிறார். காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்று கொள்ளுங்கள். துளியும் கிடைமட்டத்தில் ஏறக்குறைய அதே 5 மீட்டரோடு தென்மேற்கே போகும். மழை–தரை: கீழே 7, தென்மேற்கே 5. தரை–பைக்: தென்மேற்கே 10. மொத்தம் கீழே 7, தென்மேற்கே 15. சாய்வு 65 டிகிரி. ஹெல்மெட் கண்ணாடியில் மழை கிட்டத்தட்டப் படுக்கையாக வந்து அடிக்கிறது. மாலையில் தாம்பரம் திரும்பும்போது மழை–தரை அதேதான், ஆனால் தரை–பைக் இப்போது வடகிழக்கே 10. கூட்டினால் வடகிழக்கே 5 மிஞ்சுகிறது. காற்று முதுகில் அடிக்கிறது, மழை மட்டும் இன்னும் முகத்தில்; சாய்வு 35 டிகிரி சொச்சம். வேகத்தைக் குறைத்து மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் பைக்கும் காற்றும் சமம். மழை நேர் செங்குத்தாக விழும். பல்லாவரம் நெரிசலில் அதற்கும் கீழே ஊர்ந்தால் அப்போதுதான் முதுகு நனையத் தொடங்கும். இந்தக் கணக்கைக் கொடுத்தால், "ஆமா சார், எங்கப்பா சொல்வார்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லாமல் இருப்பதில்லை.

ரயில் கணக்குகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா அம்புகளும் ஒரே கோட்டில். கிழக்குக்கு ஒரு குறி, மேற்குக்கு ஒரு குறி போட்டால் முடிந்தது. ஆனாலும் ஒரு எண்ணைக் கட்டாயம் போட்டுக் காட்டுவேன். கடற்கரை–தாம்பரம் தடத்தில் உங்கள் லோக்கல் 60-ல் போகிறது, பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் 75-ல் அதே திசையில் வருகிறது. எக்ஸ்பிரஸ்–லோக்கல் வெறும் 15 கிலோமீட்டர். 20 பெட்டி, சுமார் 480 மீட்டர் நீளம். உங்கள் ஜன்னலைத் தாண்டி முடிக்க ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். அதே எக்ஸ்பிரஸ் எதிரே வந்தால் 135 கிலோமீட்டர். 13 விநாடியில் போய்விடும். அந்த 2 நிமிடம் முழுக்க எதிர் ஜன்னலில் வாழைப்பழம் உரிப்பவரைப் பார்த்துக்கொண்டே வரலாம். இந்த 13 விநாடியில் முகம்கூடத் தெரியாது.

படகுக் கணக்குக்கு வருவோம், விஷயம் இருப்பது இங்கேதான். எல்லாப் புத்தகமும் ஆற்றைக் கடக்கச் சொல்கிறது. சென்னைப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் கூவமும் அடையாறும். கூவத்தைப் படகில் கடக்கும் கணக்கு கொடுத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அதனால் நான் கடலுக்கு அழைத்துப் போய்விடுவேன். நம் கரையோரமாக வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் நீரோட்டம் வடக்கு நோக்கிப் போகிறது, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும். வடக்கே போவதுதான் அதிகம் என்பதற்குச் சாட்சி மெரினா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழும்பியதும் வடக்கே நகர்ந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் சேர்ந்தது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரிந்தது.

இப்போது கணக்கு. நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு ஃபைபர் படகு புறப்படுகிறது. தண்ணீரில் அதன் வேகம் விநாடிக்கு 3 மீட்டர். நீரோட்டம் வடக்கே விநாடிக்கு 1 மீட்டர். வலையின் மிதவை கரையிலிருந்து நேர் கிழக்கே 1,200 மீட்டரில்.

முதல் கேள்வி: படகுக்காரர் மூக்கை நேர் கிழக்கே வைத்து ஓட்டினால்? படகு–தண்ணீர் + தண்ணீர்–கரை = படகு–கரை. கிழக்கே 3, வடக்கே 1. கிழக்கே 1,200 மீட்டர் போக 400 விநாடி. அதற்குள் 400 மீட்டர் வடக்கே தள்ளிப் போயிருப்பார். பாதை கிழக்கிலிருந்து வடக்கே 18.4 டிகிரி விலகும். நீரோட்டம் எவ்வளவு வலுத்தாலும் அந்த 400 விநாடி மாறாது என்பதைக் கவனியுங்கள். வடக்கே தள்ளும் அம்பு கிழக்குத் தூரத்தில் கை வைக்காது.

இரண்டாவது கேள்வி: மிதவைக்கு நேராகப் போய்ச் சேர மூக்கை எங்கே திருப்ப வேண்டும்? போன வருடம் பலகையில் கணக்குப் போட்ட பெண் ஒருத்தி திரும்பிக் கேட்டாள். "சார், எனக்கு 18.4 வருது. விடையில 19.5 போட்டிருக்கு. ரவுண்டிங்கா?"

"ரவுண்டிங் இல்லம்மா. முக்கோணமே வேற."

அவள் செய்தது எல்லோரும் செய்வதுதான். வடக்கே 18.4 தள்ளுகிறது, ஆகவே தெற்கே 18.4 திருப்பினால் நேராகிவிடும் என்ற நியாயம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் முக்கோணத்தில் படகின் 3 ஒரு பக்கம்; கர்ணம் படகு–கரை. இரண்டாவதில் படகு–கரை கிழக்கே கிடந்தாக வேண்டும், நீரோட்டம் வடக்கே கிடக்கிறது, செங்கோணம் அந்த இரண்டுக்கும் நடுவில். அப்போது கர்ணம் யார்? படகு–தண்ணீர். 3 மீட்டர் கர்ணத்துக்கு ஏறிவிட்டது. முதலில் டேன் மதிப்பு மூன்றில் ஒன்று, இப்போது சைன் மதிப்பு மூன்றில் ஒன்று. 18.4 போய் 19.5. கிழக்கே போகும் வேகம் 3-லிருந்து 2.83 ஆகக் குறைகிறது. 1,200 மீட்டருக்கு 424 விநாடி. நேராகப் போனதற்கு 24 விநாடி வட்டி.

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் இரண்டு முக்கோணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், "அப்போ எது கர்ணம்னு எப்படி சார் முன்னாடியே தெரியும்?" என்றாள். இந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். கூட்டணுமா கழிக்கணுமா என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

பதில்: எண்ணிப் பார். ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு விவரம், நீளம், திசை. மூன்று அம்புக்கு ஆறு. இவற்றில் நான்கு தெரிந்தால் மற்ற இரண்டும் கிடைக்கும். முதல் கேள்வியில் படகு–தண்ணீரின் நீளம், திசை, தண்ணீர்–கரையின் நீளம், திசை, நான்கும் கையில் இருந்தன. மூன்றாவது அம்பு அப்படியே வந்துவிட்டது. இரண்டாவது கேள்வியில் தண்ணீர்–கரை முழுசாகத் தெரியும். படகு–தண்ணீரின் நீளம் தெரியும், ஏனென்றால் அது என்ஜின் சமாச்சாரம். திசை தெரியாது, ஏனென்றால் அது படகுக்காரர் கையில். படகு–கரையின் திசை தெரியும், நீளம் தெரியாது. பென்சிலை எடுப்பதற்கு முன் இந்த ஆறு கட்டத்தையும் நிரப்பிவிடச் சொல்வேன். எது தெரியாது என்று தெரிந்துவிட்டால் முக்கோணம் தானாக உட்காரும். முதலில் முழுசாகத் தெரிந்த அம்பை வரை. திசை மட்டும் தெரிந்த அம்புக்கு நீளமான ஒரு கோடு போடு. நீளம் மட்டும் தெரிந்ததற்குக் காம்பஸை எடுத்து வட்டம் அடி. வட்டம் கோட்டை எங்கே வெட்டுகிறதோ அதுதான் விடை.

காம்பஸ் முறையில் இன்னொரு லாபம் உண்டு. நீரோட்டம் விநாடிக்கு 3.5 மீட்டர் என்று வைத்து வட்டம் அடியுங்கள். வட்டம் கோட்டைத் தொடவே தொடாது. படகுக்காரர் எப்படித் திருப்பினாலும் நேர் கிழக்கே போக முடியாது என்று காகிதமே சொல்லிவிடும். சூத்திரத்தை மட்டும் நம்பினால் கால்குலேட்டர் பிழை காட்டும், பிள்ளை பட்டனைத் தப்பாக அமுக்கிவிட்டோம் என்று மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருக்கும்.

செங்கோணம் இல்லாத கணக்குகளுக்கு முக்கோணத்தைக் கட்டி அழ வேண்டாம். கிழக்கு என்று ஒரு பத்தி, வடக்கு என்று ஒரு பத்தி. படகின் கொடி எந்தப் பக்கம் பறக்கும் என்பது பழைய நுழைவுத்தேர்வுக் கேள்வி. காற்று வடகிழக்கிலிருந்து மணிக்கு 14 கிலோமீட்டர். அதாவது மேற்கே 10, தெற்கே 10 என்று வைத்துக்கொள்ளலாம். படகு கிழக்கே 10. கொடிக்குத் தெரிவது காற்று–படகு. காற்று–கரை: மேற்கே 10, தெற்கே 10. கரை–படகு: மேற்கே 10. மொத்தம் மேற்கே 20, தெற்கே 10. கொடி மேற்கிலிருந்து சுமார் 27 டிகிரி தெற்கே சாய்ந்து பறக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: காற்றுக்கு எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைச் சொல்வது வழக்கம், நீரோட்டத்துக்கு எங்கே போகிறதோ அந்தத் திசை. வடகிழக்குக் காற்று என்றதும் அம்பை வடகிழக்கே வரைந்தால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

எங்கள் மாடிக்கு இன்னொரு வசதி. வடக்குப் பக்கம் விமானங்கள் இறங்குவது தெரியும். சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு 07–25 என்று பெயர். காந்த வடக்கிலிருந்து சுமார் 70 டிகிரி, மறுமுனையிலிருந்து பார்த்தால் 250; கடைசிச் சுழியை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். கடற்காற்று தென்-தென்கிழக்கிலிருந்து, அதாவது 160 டிகிரியிலிருந்து வந்தால் ஓடுபாதைக்கு நேர் குறுக்கு. கிழக்கேயிருந்து இறங்கும் விமானம் காற்றுக்குள் 140 நாட் (விமானத்துக்கும் கப்பலுக்கும் வேகம் சொல்லும் அலகு) வேகத்தில் வருகிறது, குறுக்குக் காற்று 15 நாட் என்று வைத்துக்கொள்வோம். விமானம்–காற்று + காற்று–தரை = விமானம்–தரை. கடைசி அம்பு ஓடுபாதையின் மேல் கிடந்தாக வேண்டும். நொச்சிக்குப்பத்துப் படகேதான் இது. சைன் மதிப்பு 15-ஐ 140-ஆல் வகுத்தது, சுமார் 6 டிகிரி. மூக்கு இடது பக்கம், அதாவது எங்கள் பக்கம், சற்றே திரும்பியிருக்க, உடம்பு மட்டும் ஓடுபாதைக் கோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். பிள்ளைகளை மாடிச் சுவரோரம் நிறுத்திக் காட்டினால் முதலில் நம்புவதில்லை. இரண்டாவது விமானம் வரும்போது அவர்களே கத்திச் சொல்வார்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் ஓடுபாதையைத் தொடும் தறுவாயில் தள்ளாடி மறுபடி மேலே எழும்பிய விமானத்தின் வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியது. அந்த மாதிரி நாளில் காற்று–தரை அம்பு விநாடிக்கு விநாடி நீளமும் திசையும் மாறுகிறது. விமானியின் வேலை அந்த முக்கோணத்தை ஓயாமல் திருத்தி வரைவது. முடியாது என்று தெரிந்தால் மேலே போய்விடுவதுதான் முறை.

இறக்கை காற்றைத்தான் அறியும், தரையை அறியாது என்பதால் காற்றுக்கு எதிராகவே ஏற்றுவார்கள், இறக்குவார்கள். எதிர்காற்று இருந்தால் விமானம்–காற்று நீளம் குறையாமல் விமானம்–தரை குறைந்துவிடும்; குறைந்த நீள ஓடுபாதை போதும்.

நாற்சந்திக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த முறையின் ருசி அதில்தான் தெரியும். ஒரு பைக் சந்திப்புக்கு மேற்கே 80 மீட்டரில், கிழக்கு நோக்கி விநாடிக்கு 10 மீட்டரில் வருகிறது. ஒரு ஆட்டோ சந்திப்புக்குத் தெற்கே 60 மீட்டரில், வடக்கு நோக்கி அதே 10 மீட்டரில் வருகிறது. இரண்டும் பிரேக் போடவில்லை. எவ்வளவு நெருங்கும்? தரையில் நின்றுகொண்டு செய்தால் இரண்டும் ஓடும், தூரத்துக்குச் சமன்பாடு எழுதி வகையிட வேண்டும். பேசாமல் பைக்கில் ஏறி உட்காருங்கள். ஆட்டோ–தரை வடக்கே 10, தரை–பைக் மேற்கே 10. ஆட்டோ–பைக் வடமேற்கே 14.1. இப்போது நீங்கள் நிற்கிறீர்கள், ஆட்டோ மட்டும் ஒரு நேர்கோட்டில் வருகிறது. அது புறப்படும் இடம் உங்களுக்குக் கிழக்கே 80, தெற்கே 60. அந்தக் கோட்டுக்கு உங்களிடமிருந்து ஒரு செங்குத்து இறக்கினால் 14.1 மீட்டர், அங்கே வர 7 விநாடி. வகையிடல் தேவைப்படவில்லை. ஹாரன் சத்தத்தோடும் கெட்ட வார்த்தையோடும் தப்பித்துவிடுவார்கள்.

மோதும் என்றால் அந்தக் கோடு நேராக உங்கள் மேல் வந்து முடிய வேண்டும். அதாவது எதிராளி உங்களுக்குத் தெரியும் திசை மாறாமலே நெருங்கிக்கொண்டிருக்க வேண்டும். கப்பல்காரர்களுக்கு இது எழுதப்பட்ட சட்டம். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில், நெருங்கி வரும் கப்பலின் திசைக்கோணம் குறிப்பிடும்படி மாறவில்லை என்றால் மோதல் அபாயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

கடைசியாக, குடைக் கணக்கின் பெரிய அண்ணன். 1720-களில் ஜேம்ஸ் பிராட்லி என்ற ஆங்கிலேய வானியலாளர், பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு நட்சத்திரம் இடம் மாறித் தெரிகிறதா என்று தொலைநோக்கியைச் செங்குத்தாக நிறுத்திக் காத்திருந்தார். நட்சத்திரம் நகர்ந்தது, ஆனால் எதிர்பார்த்த திசையில் இல்லை. 1729-இல் வெளியான அவருடைய விளக்கம் இதுதான்: ஒளி மேலேயிருந்து விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டரில் விழுகிறது, பூமி குறுக்கே விநாடிக்கு 30 கிலோமீட்டரில் ஓடுகிறது. ஒளி–சூரியன் + சூரியன்–பூமி = ஒளி–பூமி. சைக்கிள் பெண் குடையை முன்னே சாய்த்த மாதிரி தொலைநோக்கியையும் பூமி போகும் பக்கம் சாய்க்க வேண்டும். டேன் மதிப்பு பத்தாயிரத்தில் ஒன்று. கோணம் சுமார் 20.5 விகலை, ஒரு டிகிரியை 3,600 பங்காக்கி அதில் இருபது சொச்சம். ஆறு மாதம் கழித்துப் பூமி எதிர்த் திசையில் போகும்போது சாய்வு மறுபக்கம். பூமி நகர்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று இந்தக் குடைச் சாய்வுதான்.

1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வானாய்வகத்தில் டி. ஜி. டெய்லர் அளந்து 1844-இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 நட்சத்திரங்கள். நட்சத்திரத்தின் இடத்தைத் துல்லியமாக எழுத வேண்டுமானால் இந்தச் சாய்வுக்குத் திருத்தம் போடாமல் முடியாது. இன்று அந்த வளாகத்தில் வானிலை மையம் இருக்கிறது. பருவமழை நாளில் "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்" என்று செய்தியில் கேட்கிறோமே, அதே இடம்தான்.

இதைச் சொன்னதும் சுறுசுறுப்பான பிள்ளை ஒன்று கேட்கும்: "சார், அப்போ ஒளி–பூமி கர்ணம்தானே? மூன்று லட்சத்தை விடக் கொஞ்சம் அதிகமா வரணுமே?" வரக் கூடாது. ஒளியின் வேகம் யார் பார்த்தாலும் அதேதான். ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்ன கூட்டல் விதி வேறு, நம்முடைய விதி அதன் மெதுவான பக்கத்துத் தோராயம். பூமியின் வேகத்துக்கு அந்தக் கர்ணம் கூடுதலாகக் காட்டுவது இருபது கோடியில் ஒரு பங்கு. அதற்கு மார்க் குறைக்கிற வாத்தியாரை நான் இன்னும் பார்க்கவில்லை.